மூணடிக் கதவு

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் வகுப்பு. மூச்சு விட ஒரு வகுப்பு, நடக்க ஒரு வகுப்பு, பெற்ற பிள்ளையிடம் பேச ஒரு வகுப்பு. சண்டை போடத்தான் இன்னும் வகுப்பு வரவில்லை. வந்தால் நானே போய் முதல் பெஞ்சில் உட்காருவேன். அந்த வித்தைதான் ஜனங்களுக்கு மறந்துபோய்விட்டது. முன்பெல்லாம் கோபம் என்றால் நடுத்தெருவில் நின்று கத்துவான், மறுநாள் பீடிக்கு நெருப்புக் கேட்டு வந்து நிற்பான். இப்போது கோபம் வந்தால் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வராமல் இருந்துவிடுகிறார்கள்.

என் அக்கா அப்படித்தான் வராமல் இருந்தாள்.

லாரி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய வீடு இது. மழைத் தண்ணீர் ஏறக்கூடாது என்று பேஸ்மட்டத்தைத் தொடை உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன். கட்டி முடித்த புதிதில் அக்கா ஒரே ஒரு தடவை உள்ளே வந்தாள். அப்போது கைத்தடியோடு நடமாடிக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்து ஏறி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். குடிக்க எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மகன் வீட்டிலிருந்து ஆட்டோவில் வருவாள். கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லி, உள்ளே உட்கார்ந்தபடியே பேசுவாள். இறங்கி வா என்றால், "இன்னொரு நாள் வர்றேன்டா." கால் சுத்தமாக விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் அதே ஆட்டோ, அதே இன்னொரு நாள். தூக்கிக்கொண்டு வர ஆள் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். நெல்லு மூட்டையா நான் என்று கேட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னாள்.

தான் ஏதோ மரியாதைக் குறைவாக நடந்துவிட்டதாக என் வீட்டுக்காரி நினைத்துக்கொண்டிருந்தாள். தம்பி உசந்துவிட்டான் என்று அக்காவுக்கு ஒரு புகைச்சல் என்பது என் கட்சி. எதுவானாலும் வாயைத் திறந்து சொன்னால் அல்லவா தெரியும்?

இப்படி இருந்த சமயத்தில்தான் மருமகள் வந்து வீட்டைக் கேட்டாள். அவளுக்கும் வகுப்பு எடுப்பதுதான் வேலை. கிராமங்களில் வீடு கட்டித் தருகிற மேஸ்திரி, ஆசாரி, ஓவர்சியர் எல்லோரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவது. வயசானவர், கால் வராதவர், கண் தெரியாதவர், பிள்ளைத்தாய்ச்சி, எல்லாரும் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் புழங்குகிற மாதிரி வீடு கட்ட வேண்டுமாம். பாடத்தின் கடைசியில் ஒரு நிஜ வீட்டை அவர்களே மாற்றிக் காட்ட வேண்டும். அதற்கு என் வீடு.

முடியவே முடியாது என்றேன். அவள் வாதாடவில்லை. "மாத்தினது சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்ல பெரியம்மா வர்றேன்னு சொல்லியிருக்காங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். பெரியம்மா என்று அவள் கூப்பிடுவது என் அக்காவைத்தான்.

தம்பி கூப்பிட்டால் வரமாட்டாளாம், பரிசோதனைக்கு வருவாளாம். சரி, எதற்காகவாவது வரட்டும் என்று சாவியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அதிலிருந்து வீடு என் வீடாக இல்லை. மேஸ்திரி ஒருவரின் முழங்காலை இரண்டு குச்சி வைத்துக் கட்டி, இப்போது கழிவறைக்குப் போய் உட்காருங்கள் என்றாள் மருமகள். அந்த ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு, "மேடம், எனக்கு அவசரமே இல்ல மேடம்" என்று கெஞ்சினார். ஆசாரியின் கண்ணைத் துண்டால் கட்டி சுவிட்சைத் தேடச் சொன்னாள். அவர் என் வீட்டுக்காரியின் சம்படங்களை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றைக் கீழே தள்ளினார்.

ஓவர்சியர் மட்டும் கேட்க வேண்டியதைக் கேட்டார். "இந்த வீட்டுல யாருக்கும் கால் கோளாறு இல்லையே மேடம்? அப்புறம் எதுக்கு?"

"இருக்கிறவங்களுக்கு மட்டுமா சார் வீடு கட்டறோம்? வர்றவங்களுக்கும்தானே."

நானும் கூடத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அளவெடுத்தா வீடு கட்டுவான் ஒருத்தன்?

வாசலில் படியை ஒட்டி சிமெண்டில் கைப்பிடி வைத்து ஒரு சரிவு போட்டார்கள். ஓர் அடி ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சரிவு ஓட வேண்டுமாம். வாசலில் இடம் போதாமல் பாதியில் மடக்கித் திருப்பினார்கள். என் செம்பருத்தி வரிசை முழுக்கப் போயிற்று. நடையில் இருந்த கழிவறையின் உள்படியை உடைத்துத் தரையைச் சமமாக்கி, உட்காரும் பீங்கான் வைத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்து, கதவையும் அகலப்படுத்தினார்கள். கதவு நிலை நேற்று சாயங்காலம்தான் நின்றது. பூச்சு ஈரமாக இருக்கிறது, யாரும் தொடாதீர்கள் என்று ஆசாரி சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை அவர்களெல்லாம் வந்து வாசலில் வரிசையாக நின்றார்கள். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பையன்கள் மாதிரி இருந்தது.

நான் எழுந்ததும் சவரம் செய்துகொண்டேன். எப்போதும் செய்வதுதான்.

"நேத்துதானே பண்ணினீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"தாடி உன்னைக் கேட்டா வளருது?"

"அந்த டம்ளரையும் ஏன் இந்தத் தேய் தேய்க்கிறீங்க? ஓட்டை விழப் போகுது."

டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். ஆட்டோ சத்தம் கேட்டுவிட்டது.

அக்காவின் ஆட்டோ வழக்கம்போல கேட்டுக்கு வெளியில் நின்றது. ஆட்டோக்காரர் மடக்கி வைத்த நாற்காலியை எடுத்து விரித்து ஒட்டிப் போட்டார். அவள் கம்பியைப் பிடித்து, கையிலேயே உடம்பைத் தூக்கி, நாற்காலிக்கு மாறினாள். யாரும் கிட்டே போகவில்லை. போனால் என்ன கிடைக்கும் என்று ஆட்டோக்காரருக்கும் தெரிந்திருந்தது.

சரிவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"டேய் குள்ளா, என்னடா இது? வாசல்ல மலைப்பாம்பு படுத்திருக்கு?"

ஆறடி உயரம் நான். என்னைக் குள்ளா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான். மேஸ்திரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"உன்னை முழுங்கத்தான் படுத்திருக்கு, வா" என்றேன்.

அவள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். மேஸ்திரி பின்னால் கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

"கையை எடுப்பா. பின்னால வர்றதானா சும்மா வா."

மடக்கில் நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி ஏறினாள். நிலைப்படி இருந்த இடத்தில் இப்போது மேடு இல்லை. சக்கரம் சத்தமே இல்லாமல் கூடத்துக்குள் வந்துவிட்டது.

அவ்வளவுதான். அக்கா என் வீட்டுக்குள் இருந்தாள்.

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கேட்டில் நின்று பேசும்போது ஆயிரம் இருந்தது. வீட்டுக்காரி, "வாங்க அண்ணி" என்றாள், இரண்டாம் தடவையும் "வாங்க அண்ணி" என்றாள்.

அக்கா கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜன்னல் கிட்டே போய் நின்றாள்.

"உள்ள இருந்து பார்த்தா தெரு இப்படியா இருக்கும்? நான் இந்த ஜன்னலை வெளியில இருந்தே பார்த்துப் பழகிட்டேன்." ஜன்னல் கம்பியைத் தடவிவிட்டு, "மஞ்சள் திரை போட்டிருந்தியே, அது எங்க?" என்றாள்.

அந்தத் திரை கிழிந்து போய் வருஷக்கணக்காகிறது. ஆட்டோவுக்குள் இருந்தே அதைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

நான் உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தேன். இந்த வீட்டில் நான் யாருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. வீட்டுக்காரி கையை என் டம்ளருக்குக் கீழே ஏந்திக்கொண்டே வந்தாள், சிந்திவிடுமாம்.

அக்கா வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

மருமகள் பக்கம் திரும்பி மெதுவாக, "பாத்ரூம் இப்பவும் நடையிலதானா கண்ணு?" என்றாள்.

"ஆமா பெரியம்மா, இதே நடையில. வலது பக்கம்."

டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

வந்ததும் வராததுமாகப் பரிசோதனைதான் முக்கியமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூடவே போனேன். நடை குறுகல். அவள் வலது பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும். லாரியைச் சந்துக்குள் விடும்போது கிளீனர் நிற்கிற மாதிரி நான் கதவுக்கு எதிரே நின்றுகொண்டேன்.

"வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடி... ரெண்டு பக்கமும் இடம் இருக்கு, வா..."

"மாமா, கொஞ்சம் இருங்க" என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரும்மா. எவ்வளவு பெரிய வண்டியெல்லாம் விட்டிருக்கேன். வா அக்கா, தாராளமா வா!"

அவள் நம்பி ஒரு தள்ளுத் தள்ளினாள். இரண்டு கை விரல் முட்டியும் நிலைக்கட்டையில் தேய்ந்துகொண்டு நின்றுவிட்டது. நாற்காலி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஈரப் பூச்சு அவள் விரலில் அப்பியிருந்தது, அதற்கு அடியில் சிவப்பாக.

"நீ லாரி ஓட்டின லட்சணம் இதானாடா?" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மேஸ்திரியும் ஆசாரியும் சேர்ந்து நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள். இந்தத் தடவை தொடாதே என்று அவள் சொல்லவில்லை.

மருமகள் முகம் வெளுத்துவிட்டது. "மூணடி சொன்னேனே ஆசாரி?"

"மூணடிதான் மேடம்! பாருங்க." ஆசாரி டேப்பை இழுத்தார். நிலையின் இந்த வெளிவிளிம்பிலிருந்து அந்த வெளிவிளிம்பு வரை. மூன்றடி. நூல் பிசகவில்லை.

"கட்டையையும் சேர்த்தா அளந்தீங்க?"

"மூணடிக் கதவுன்னா அப்படித்தானே மேடம்? எங்க அப்பா காலத்துல இருந்து கடையில போய் மூணடி நிலைன்னு கேட்டா இதைத்தான் எடுத்துப் போடுவான்."

"பிளான்லயும் நாங்க அப்படித்தான் போடுவோம்" என்றார் ஓவர்சியர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மேஸ்திரி தலையாட்டினார். எல்லோருக்கும் மூன்றடி என்றால் அந்த மூன்றடிதான். இரண்டு பக்கத்துக் கட்டையும் சேர்ந்து எட்டு அங்குலத்தைத் தின்றுவிட்டது. திறந்து நிற்கிற கதவின் கனம் இன்னும் கொஞ்சம் தின்றுவிட்டது. மிச்சத்தில் நாற்காலி நுழையும், சக்கரத்தைத் தள்ளுகிற கை நுழையாது.

மருமகள் டேப்பை வாங்கி நிலையின் உள்பக்கத்தை அளந்தாள். "நான் சொன்னது நடுவுல இருக்கிற வழியை. பாடம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து மூணடி மூணடின்னு கத்திட்டு இருக்கேன். எந்த மூணடின்னு ஒரு நாள் கூட சொல்லலையே. தப்பு என்னோடதுதான் ஆசாரி."

"கேக்காதது எங்க தப்புதான் மேடம்."

இப்படி ஒருவருக்கொருவர் தப்பைத் தாம்பூலம் மாதிரி மாற்றிக்கொண்டிருக்கும்போதே அக்கா நாற்காலியைக் கூடத்துக்குத் திருப்பிவிட்டாள்.

"நான் கிளம்பறேன்டா."

"தண்ணி?"

"வேணாம்டா. இன்னொரு நாள்..."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னொரு நாள், இன்னொரு நாள்! அப்படி என்னத்தை நான் பண்ணிட்டேன் உனக்கு? என் வீட்டுப் பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாதுன்னு சபதம் எதாவது போட்டிருக்கியா? கோபம்னா திட்டு. எல்லாரும் இருக்காங்க, நல்லா கேக்கட்டும். திட்டு!"

அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது பார்க்கிற பார்வை.

"குடிச்சா போகணும்டா" என்றாள். "எங்க போறது?"

ஆம்பளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு வந்தேனே, அன்னிக்கே நடையில ஒரு எட்டுப் பார்த்துட்டேன். படி ஏறி, குந்தி உட்காரணும். உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. கூப்பிட்டா நீதான் ஓடி வருவே. அதுக்குத் தண்ணி குடிக்காமலே இருக்கலாம்." விரல் முட்டியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "உன் வீடு மட்டும் இல்லடா. எங்க கிளம்பினாலும் முதல் நாள் சாயங்காலமே குடிக்கிறதை நிறுத்திடுவேன். பழகிப் போச்சு."

"இதை வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"தம்பிகிட்ட சொல்ற விஷயமாடா இது?"

வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இத்தனை வருஷம் தன் மேல் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

அக்கா வாசல் வரை போனாள். சரிவின் தலையில் நின்று திரும்பிப் பார்த்தாள். என்னை இல்லை, ஜன்னல் கட்டையில் இருந்த டம்ளரை.

"டேய், அதை ஒரு பாட்டில்ல ஊத்திக் குடு."

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போய் குடிச்சுக்கறேன். உன் வீட்டுத் தண்ணிதானே."

நான்தான் ஊற்றினேன். பாட்டில் வாய் சின்னது. பாதி என் காலில் போயிற்று. டம்ளரைத் தேய்த்தது தண்டம். அவள் பாட்டிலை மடியில் வைத்து, அது உருளாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்போது ஒரு கைதான் சக்கரத்துக்கு மிச்சம் இருந்தது. மேஸ்திரி பின்னால் பிடித்துக்கொள்ள, ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள்.

ஆட்டோவில் ஏறிய பிறகு மருமகளை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் தலையை உள்ளே விட்டுக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். எனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. ஆட்டோ திரும்பும்போது பின்பக்கத்து சின்னக் கண்ணாடி வழியாக அந்தப் பாட்டில் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

"என்ன சொன்னா?" என்றேன்.

மருமகள் ஆசாரியைப் பார்த்து, "நிலையை எடுத்துடுங்க. வழி மூணடி வரணும், வெறும் வழி. மேஸ்திரி, அதுக்குக் குழாய் இருக்கிற பக்கத்துச் சுவரை உடைக்கணும்" என்றாள். பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"முன் ரூம்ல ஒரு கட்டில் போட்டா, பக்கத்துல நாற்காலி திரும்ப இடம் இருக்குமான்னு கேட்டாங்க மாமா."

"எதுக்காம்?"

"அதை நீங்களே அவங்ககிட்ட கேளுங்க. மகன் வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு நானும் கேட்டேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லல."

உள்ளே முதல் அடி விழுந்தது. சுவர் அதிர்ந்தது. நான் கட்டிய சுவர், கலவை ஒழுங்காகப் போட்டுக் கட்டிய சுவர், அவ்வளவு சுலபத்தில் விடாது.

"நில்லுங்க மாமா, அந்த ரூமை ஒரு தடவை அளந்துடுவோம். நீங்க டேப்போட நுனியைப் பிடிச்சுக்கங்க."

"நீங்களே எல்லாத்தையும் அளங்க. எந்த மூணடின்னு முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இன்றைக்குத் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் கதவாம். கூடப் பிறந்தவள் இத்தனை வருஷம் தெருவில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் கழிவறைப் படியாம். அவளும் சொல்கிறாள், இவர்களும் எழுதிக்கொள்கிறார்கள். எங்கேயோ ஒரு கோபம் இருந்திருக்கத்தான் வேண்டும். கோபமாக இருந்தால் நான் சமாதானமாவது பேசியிருப்பேன் அல்லவா?

மலைப்பாம்பைத் தாண்டி, நான் கட்டிய படியில்தான் இறங்கினேன். புதுக் கைப்பிடியைத் தொடவில்லை. கடைசிப் படியில் வலது முழங்கால் கடக்கென்றது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். இதை உள்ளே இருக்கிறவர்களிடம் சொன்னால் அதற்கும் ஒரு வகுப்பு எடுப்பார்கள்.

பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடந்தேன்.